மாஸ்கோ எலக்ட்ரீஷியனின் மனைவி

ஆப்கன் எல்லையோரம் இருக்கும் தெர்மெஸ் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் பர்னோ என்று பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி" என்று கேட்டுப் பாருங்கள், இரண்டாவது மாடி இடதுபக்கக் கதவு என்று நண்டு சிண்டெல்லாம் கைகாட்டும். இத்தனைக்கும் அந்தக் கட்டடத்திலிருந்து கல்யாணமாகிப் போன பெண்கள் சீதனப் பெட்டிமேல் அடுக்கி வைத்திருக்கும் பஞ்சு மெத்தையெல்லாம் பர்னோ தைத்தவைதான். பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காமல், பட்டுத்துணி சுருங்காமல் தைக்க அந்த வட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை. ஆனாலும் புருஷன் தொழில்தான் பெண்டாட்டிக்குப் பெயர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

புருஷன் ஒச்சில் மாஸ்கோவுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. போன புதிதில் ஒரு போட்டோ அனுப்பினான். ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று, அதன் மேல் மண்டை ஓட்டுப் படம், முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒச்சில். 'எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்துவிட்டேன்' என்று கீழே எழுதியிருந்தான். பர்னோ அதை மாமியார் அனோர்குல் அம்மாளிடம் ஓடிப்போய்க் காட்டினாள். கிழவி போட்டோவைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "டீ ஆறுது, குடி," என்றாள். பெருமையில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று பர்னோ நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கட்டடத்தில் எந்த வீட்டில் பல்பு மினுக்கினாலும் மாஸ்கோவுக்குத்தான் போன். எதிர்வீட்டு லாரிக்காரர் போரி அண்ணன்தான் முதல் சிஷ்யர். ஒச்சில் திரையில் வந்து மீசையை ஒரு தடவு தடவி, "அது ஒண்ணுமில்லண்ணே," என்று ஆரம்பித்தால் போதும், அவர் கையில் திருப்புளியோடு தயாராகிவிடுவார். அந்த ஊரில் கரண்டு வருகிற ஒயரை ஃபேஸ் என்பார்கள், திரும்பிப் போகிற ஒயரை நோல் என்பார்கள். நோல் என்றால் சைபர். சைபர் என்று எவன் பெயர் வைத்தானோ, அதில் ஒன்றுமே இருக்காது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

போரி அண்ணன் புதுசாகத் துணி துவைக்கும் மெஷின் வாங்கியபோது அதற்கு மூன்று ஒயர் இருந்தது. சுவரிலோ இரண்டுதான். பழைய காலத்துக் கட்டடம், எர்த் என்ற பேச்சே கிடையாது.

"தம்பி, இந்த மூணாவதை எங்கே கொண்டு சொருகுறது?" என்று அவர் கேட்டார்.

"எர்த்தை நோலோட சேர்த்து முறுக்கி விட்டுடுங்கண்ணே. சைபர்தானே, என்ன வந்துடப் போவுது?" என்றான் ஒச்சில்.

போரி அண்ணன் தன் வீட்டில் சேர்த்தார். அப்புறம் மாஸ்கோ முறை என்று சொல்லி இன்னும் பல வீடுகளில் சேர்த்துக் கொடுத்தார்.

இந்த வசந்தத்தில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஆப்கன் காற்று மாவு மாதிரி மண்ணை அள்ளிக்கொண்டு வந்தபோது, ஏசியின் வெளிப்பெட்டி வீணாகிவிடுமே என்று பர்னோ புலம்பினாள். அதற்கும் ஒச்சிலிடம் வழி இருந்தது. "நீதான் தையல்காரியாச்சே, அதுக்கு ஒரு சட்டை தைச்சுப் போடு," என்றான். பர்னோ விடுவாளா! பஞ்சு வைத்து, பூப்போட்ட துணி போர்த்தி, முன்னால் மட்டும் மெல்லிய வலைத்துணி வைத்து, பால்கனியில் இருந்த பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்தாள். பார்த்தவர்களெல்லாம் ஆசைப்பட்டுத் தங்கள் பெட்டிக்கும் தைத்து வாங்கினார்கள். வேனிலில் கட்டடத்தின் பால்கனியெல்லாம் பூப்பூவாய்த் தெரிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அனோர்குல் அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. டாக்டர் பர்னோவைத் தனியாக அழைத்து, "சில்லா முடியற வரைக்கும் அறை குளிர்ச்சியா இருக்கணும். உடம்பு சூடேறி இன்னொரு தடவை வந்துச்சுன்னா என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லம்மா," என்று சொல்லிவிட்டார். சில்லா என்பது அங்கே வெயில் கொளுத்தும் நாற்பது நாள். அதன் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஏசி படுத்துக்கொண்டது.

உள்ளே காற்று வந்தது, ஆனால் அனல் காற்று. பால்கனிக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள் பர்னோ. பெட்டி முனகுகிறது, விசிறி அசையவில்லை. தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். "சில்லா கழிச்சு வரேன் அக்கா," என்றான் அந்த மகராசன். அடுத்தவன் எடுக்கவே இல்லை. உள்ளே மாமியார் முகம் செங்கல்லாய்ச் சிவந்துகொண்டு வந்தது. ஈரத்துணியை நெற்றியில் போட்டால் நிமிஷத்தில் காய்ந்தது. ஆனாலும் பர்னோவுக்குப் பயம் முழுசாக வரவில்லை. நமக்குத்தான் வீட்டிலேயே எலக்ட்ரீஷியன் இருக்கிறாரே!

ஒச்சில் உடனே எடுத்தான். வழக்கம்போல் முகம் மட்டும் தெரிந்தது, பின்னால் வெள்ளைச் சுவர்.

"என்னங்க, ஏசி விசிறி சுத்தலைங்க. அம்மா வெந்துகிட்டு இருக்காங்க."

"பதறாதே. அது ஒண்ணுமில்ல." மீசையைத் தடவினான். "சட்டையைக் கழட்டிட்டு, பக்கத்து மூடியைத் திற."

தையல் மெஷின் திருப்புளியால் திறந்தாள். உள்ளே ஒயர்கள் பின்னிக்கிடந்தன. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளி டப்பா, மூடியின் உட்புறம் புழு நெளிந்தது மாதிரி ஒரு படம்.

"படத்துல எழுத்து போட்டிருக்குங்க. எஸ், ஆர், சி. இன்னொரு இடத்துல எல், என். இதுல எதுங்க நோலு?"

ஒச்சில் கொஞ்சம் யோசித்தான். "என்னன்னா… எஸ்ன்னா ஸ்டார்ட்டு."

"சரி."

"ஆர்ன்னா… ரிப்பேரு."

"ரிப்பேருக்குத் தனியா ஒயர் விட்டிருக்கானா?"

"கேள்வி கேக்காதே, கேளு. சி-ன்னா காமன், பொது. பொதுன்னா எல்லாருக்கும் பொது, அதாவது நோல். மோட்டார்ல எப்பவும் அந்தப் பொது ஒயர்தான் லூசாகும். கையால இழுத்து, நல்லா அழுத்தி விடு."

பர்னோ கையை நீட்டினாள், நிறுத்தினாள். "என்னங்க, ஷாக் அடிக்காதே? மெயினை அணைக்கவா?"

"ரிமோட்ல அணைச்சியா?"

"அணைச்சுட்டேன்."

"அப்புறம் என்ன? அதோட, சைபர்ல என்ன இருக்கும்? தைரியமா தொடு. ஆறு வருஷமா நான் இதைத்தானே பண்றேன்."

தொட்டாள்.

தூக்கிவாரிப் போட்டது என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்வோம். பர்னோவை நிஜமாகவே தூக்கிப் போட்டது. பால்கனி மூலையில் அடுக்கியிருந்த முலாம்பழ மூட்டைமேல் போய் விழுந்தாள். அது இல்லாவிட்டால் தலை சிமெண்டில் மோதியிருக்கும். வலது கை தோள்வரை மரத்துப் போயிற்று. நாக்கில் இரும்பு ருசி. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. அவள் கத்தவில்லை, கத்துவதற்கு மூச்சே வரவில்லை.

போன் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. அதிலிருந்துதான் கத்தல் வந்தது. "பர்னோ! ஏய் பர்னோ! ஐயோ, பேசு!" ஒச்சில் போனைக் கையில் பிடித்துக்கொண்டே அங்குமிங்கும் ஓடினான் போலிருக்கிறது. படம் ஆடியது. வெள்ளைச் சுவர் போய்விட்டது. ஒரு பூங்கா தெரிந்தது, வானம் தெரிந்தது, அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை தெரிந்தது. தெருக் கூட்டுகிறவர்கள் போடுகிற சட்டை. அதன் கீழே சாய்த்து வைத்த குச்சித் துடைப்பம், ஒரு தள்ளுவண்டி, வண்டி நிறையக் குப்பை. யாரோ தூரத்திலிருந்து, "ஒச்சில், துடைப்பத்தைப் போட்டுட்டு எங்கடா ஓடுறே?" என்று கூவினார்கள்.

பர்னோ அதைப் பார்த்தபடியே கிடந்தாள். கரண்டு ஒருமுறைதான் அடித்தது. இது நின்று நின்று அடித்தது.

"உயிரோடதான் இருக்கேன்," என்றாள் கடைசியில்.

ஒச்சிலின் முகம் திரையில் திரும்பி வந்தது. ஈயாடவில்லை. "கடவுள் காப்பாத்தினார். பர்னோ, கை எப்படி இருக்கு? கையை அசைச்சுப் பாரு…"

"அது என்ன சட்டைங்க?"

அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டான். ஏதோ இப்போதுதான் யாரோ மாட்டிவிட்டது மாதிரி.

"நீங்க யாருங்க?" என்றாள் பர்னோ.

"தெரு கூட்டுறேன்," என்றான் அவன். "வந்ததுலேர்ந்து அதான். அந்தப் போட்டோ… நான் கூட்டுற முற்றத்துல இருக்கிற கரண்டுப் பெட்டி. சும்மா முன்னாடி நின்னு எடுத்தேன். அப்புறம் ஊரே கேக்க ஆரம்பிச்சுருச்சு. நிறுத்த முடியலை."

"கூட்டினா என்ன? அதுல என்ன கேவலம்? எங்கப்பா சாகிற வரைக்கும் கழுதைமேல உரம் ஏத்திக்கிட்டுத் திரிஞ்சாரு, நான் மறைச்சேனா?" முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "நான் கேட்டேனே, எது நோலுன்னு! தெரியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்றதைவிட நான் செத்துப்போறது உனக்கு லேசா இருந்துச்சா?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'நீ' என்று சொன்னதில்லை. சண்டையிலும் சொன்னதில்லை. இரண்டு பேரும் அந்த வார்த்தையைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனார்கள்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "மருமகளே, இருக்கியா, போயிட்டியா?"

பர்னோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். மரத்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். எப்படிச் சொல்வது? பெற்றவளிடம், அதுவும் இந்த நிலைமையில் கிடப்பவளிடம்? ஆனால் கிழவியே ஆரம்பித்தாள்.

"கரண்டைத் தொடச் சொன்னானா அவன்?"

"அம்மா, அவர் எலக்ட்ரீஷியன் இல்லையாம்."

"அடிப் போடி இவளே. பல்பு மாத்தச் சொன்னா பக்கத்து வீட்டு ஆளைக் கூட்டிட்டு வர்ற பய. அவனாவது, எலக்ட்ரீஷியனாவது!"

"உங்களுக்குத் தெரியுமா? போட்டோ வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும். பெத்தவ வாயால எப்படிடி சொல்றது? நீ அப்படிப் பூரிச்சுப் போய் நின்னே." கிழவியின் நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "வாய்ச்சவடால்தானே, யாரை என்ன பண்ணிடப் போவுதுன்னு இருந்துட்டேன். உன் கையையே காவு கேக்கும்னு நினைக்கலை."

ஆறு வருஷம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இங்கே ஒருத்தன் மறைத்தான், ஒருத்தி பார்த்துக்கொண்டே பரிமாறினாள், பர்னோ ஒருத்திதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அழுவதா, எதையாவது போட்டு உடைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நேரம் இல்லை. கிழவியின் மூச்சு சீட்டியடிக்கத் தொடங்கியிருந்தது.

கதவைத் திறந்துபோட்டு, "போரி அண்ணே!" என்று கத்தினாள். போரி அண்ணனும் கீழ்வீட்டுக்காரர் ஒருவரும் வந்தார்கள். பர்னோ தைத்த மெத்தையிலேயே கிழவியை வைத்து, நாலு முனையைப் பிடித்து எதிர்வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கிழவியைக் குளிர்ந்த அறையில் படுக்க வைத்து, மோர் கரைத்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தின் சிவப்பு இறங்கியது.

அப்போது போன் அடித்தது. ஒச்சில்தான். பர்னோ அரை மனசோடு எடுத்தாள். திரையில் அவனோடு இன்னொரு ஆள் நின்றான். ஒச்சில் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றவில்லை, முகத்தை மட்டும் காட்டவும் இல்லை.

"இவன் மிர்பெக், ஓஷ் ஊர்க்காரன். நிஜமான எலக்ட்ரீஷியன்," என்றான். "நான் சொன்னது எதையும் செய்யாதே. இவன்கிட்ட பேசு."

அந்த மிர்பெக் சிடுசிடு ஆசாமி. நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "காமன் வேற, நோல் வேற. மோட்டார்ல ரெண்டு சுருள் சேர்ற இடத்துக்குக் காமன்னு பேரு, அவ்வளவுதான். ரிமோட்ல அணைச்சாலும் நேரா ஃபேஸே அங்க வந்து நிக்கலாம். அது சரி, பெட்டிக்குப் பக்கத்துல பூப்பூவா என்னமோ கிடந்துச்சாமே, அது என்ன?"

"சட்டை. தூசிக்காக நான் தைச்சது."

"அதோடயேவா ஓட்டினீங்க? பஞ்சு வச்சா? மூச்சு விடாம மோட்டார் வெந்துபோயிருக்கும்மா. வேற மோட்டார்தான் மாத்தணும்."

பர்னோ அதற்குமேல் கேட்கவில்லை. போரி அண்ணன் வீட்டுப் பால்கனிக்குப் பாய்ந்தாள். அங்கேயும் அவள் தைத்த சட்டைதான், ரோஜாப்பூப் போட்டது. தையலைப் பார்த்துப் பார்த்துப் போட்ட அதே கையால் பிய்த்து எறிந்தாள். உள்ளேயிருந்து அனல் மூஞ்சியில் அடித்தது.

திரும்பி வந்தபோது போரி அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாய் நின்றார். மிர்பெக்கைக் கூட வேலை பார்க்கிறவன் என்றும், ஆரஞ்சுச் சட்டையை எலக்ட்ரீஷியன் சட்டை என்றும் நினைத்துவிட்டார் மனுஷன். "நல்லவேளை தம்பி நீயே வந்தே. ரெண்டு நாளா நம்ம துணி மெஷினைத் தொட்டா சுள்ளு சுள்ளுங்குது. எதைத் திருகணும் சொல்லு, திருகிடுறேன்."

ஒச்சிலின் கை மீசைக்குப் போயிற்று. பர்னோ அதைப் பார்த்தாள். போரி அண்ணன் கையிலிருந்து போனை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சொல்லு," என்றாள். "அண்ணன் கேக்குறாருல்ல."

கை மீசையிலிருந்து இறங்கியது.

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றான் ஒச்சில்.

போரி அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "விளையாடாதே தம்பி."

"விளையாடலை. எனக்குக் கரண்டைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. நான் தெரு கூட்டுறவன். உங்ககிட்ட சொன்னதெல்லாம் வாய்க்கு வந்தது."

போரி அண்ணனின் சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்து நின்றது. "அப்ப… எர்த்தை நோலோட முறுக்கச் சொன்னியே? நான் ஊரு பூரா முறுக்கி வச்சிருக்கேனேடா?"

மிர்பெக் போனைப் பறித்தான். "என்னது! மெஷின் சுள்ளுங்குதுன்னா நோல் எங்கயோ விட்டுப்போகுதுன்னு அர்த்தம். முழுசா விட்டுச்சுன்னா மெஷின் உடம்பே ஃபேஸ் ஆயிடும். இப்ப அது ஓடுதா?"

குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போரி அண்ணன் மனைவி ஹோசியத், ஈரத்தரையில் வெறுங்காலோடு, வெள்ளிக்கிழமைத் துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மெயினை அணைங்க!" என்று கத்தியது ஒச்சில்தான். "மொத்தக் கட்டடத்தையும் அணைங்கண்ணே!"

போரி அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பர்னோதான் ஓடினாள். படிக்கட்டு முகப்பில் இருந்த பெட்டியைத் திறந்து, பலகைத் துண்டால் கைப்பிடியைக் கீழே தட்டினாள். கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை ஏசியும் ஒரே மூச்சில் நின்றது. அப்படியொரு அமைதியை அந்தக் கட்டடம் கண்டதே இல்லை. அந்த அமைதிக்குள், கையில் சோப்பு நுரையோடு ஹோசியத் வெளியே வந்தாள்.

"எந்த நாசமாப் போறவன் கரண்டை நிறுத்தினது? இப்பதான் மூடியைத் திறக்கக் கையை வச்சேன்!"

போரி அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். லாரியைப் பனிமலைப் பாதையில் ஓட்டுகிற மனுஷன், குழந்தை மாதிரி தேம்பினார். விஷயம் புரியாத ஹோசியத், "என்ன ஆச்சு, யாரு செத்தா?" என்று கேட்டாள். "யாரும் இல்ல," என்றாள் பர்னோ. ஒச்சில் அந்தக் கட்டடத்துக்குச் சொன்ன யோசனைகளிலேயே சரியானது, மெயினை அணைக்கச் சொன்னது ஒன்றுதான்.

ஏசி நின்றதும் கிழவிதான் முதலில் தெளிந்தாள். "என்னைக் கீழே நிலவறைக்குக் கொண்டு போங்கடா. அங்க குளுகுளுன்னு முலாம்பழத்தோட முலாம்பழமா கிடக்கிறேன்," என்றாள். நாலு ஆண்கள் மெத்தையோடு தூக்கினார்கள். போகும்போது பர்னோ பக்கமாக முகத்தைத் திருப்பி, "அவனை விடாதே," என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று பர்னோ கேட்கவில்லை.

போன் இன்னும் கையில்தான் இருந்தது. ஒச்சில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் குந்தியிருந்தான். "யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஆகலை," என்றாள் பர்னோ. "வேற யார் யாருக்கு என்னென்ன சொன்னே? ஞாபகப்படுத்திச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருத்தருக்கு ஃபியூஸுக்குப் பதில் ஆணி. இன்னொருத்தருக்குக் குழந்தை தூங்கும் அறையில் தண்ணீர்க் கொதிகலனுக்கும் அதே நோல் முறுக்கல். மேல்மாடியில் புதுசாக வந்த மருமகள்கூடக் கேட்டிருக்கிறாள்.

"நீயே போய்ச் சொல்லிடேன் பர்னோ," என்றான் அவன். "நான் எப்படி அவங்க மூஞ்சியில முழிக்கிறது?"

பர்னோ படிக்கட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடிக்கு ஏறினாள். வலது கை இன்னும் முழுசாகத் தன் வசத்துக்கு வரவில்லை, இடது கையால்தான் போனைப் பிடித்திருந்தாள். முதல் கதவைக் காலால் தட்டினாள். உள்ளேயிருந்து காலடி வரும் சத்தம் கேட்டது. போனைக் கதவுக்கு நேராக, ஆரஞ்சுச் சட்டை நன்றாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"பேசுங்க," என்றாள்.

அந்த 'ங்க' திரும்பி வந்ததை ஒச்சில் கவனித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். கதவு திறந்தது.